சிறுத்தை வந்த பாடவேளை

இலங்கை மலையகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேயிலையைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி என்று வருங்கால ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்தைப் பார்க்க. தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சியோடு சில காலம் தொடர்பு இருந்ததால், "பேச்சுத் திறன்" என்ற தலைப்பைப் பாடத்திட்டத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அது வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்ததைக் கண்டது மிகக் குறைவு. பத்தனையில் வேலை பார்க்கும் விரிவுரையாளர் நண்பர் ஒருவர், "கற்பித்தல் பயிற்சி நடக்கும்போது வாங்க, நேரிலேயே பாக்கலாம்" என்று கூப்பிட்டிருந்தார்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் உடரட்ட மெனிக்கே ரயிலைப் பிடித்தேன். நாவலப்பிட்டி தாண்டியதும் ஏற்றம். வட்டவளை, ரொசெல்ல, ஹட்டன் என்று வண்டி முக்கி முக்கி ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள், ஒரு கோயில் கோபுரம், மறுபடி தேயிலை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். மலையக ரயில் பாதையில் இதைவிட நீண்ட சுரங்கம் இல்லை. பெட்டி இருளுக்குள் நுழைந்ததும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த வாலிபர்கள் ஊளையிட்டார்கள். அடுத்த பெட்டியிலிருந்து பதில் ஊளை வந்தது. அன்று முழுக்க நான் கேட்டதில் சிங்களமா தமிழா என்று பிரிக்க முடியாத பேச்சு அது ஒன்றுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைப்பாதையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. என் பயணம் அதற்கு முந்தியது.

பத்தனைக்குக் கிட்டத்திலுள்ள கொட்டகலையோடு முடித்துக்கொள்ளாமல் தலவாக்கலை வரை போய் இறங்கி, பஸ்ஸில் திரும்பி வந்தேன். காரணம், வழியில் இருக்கும் இரண்டு அருவிகள். சென் கிளயர் அருவி மெலிந்துவிட்டது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின் திட்டம் தண்ணீரை மேலேயே வாங்கிக்கொள்கிறது. டெவன் அருவி இன்னும் கம்பீரமாக விழுகிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பத்தனைச் சந்தி. சில கடைகள், முச்சக்கரவண்டி நிறுத்தம், கோயில். தேயிலை சூழ்ந்த சரிவில், ஜெர்மனி நாட்டு உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி.

இந்தக் கல்லூரி இங்கே ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய கடன் கணக்கு உண்டு. தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் முதலில் கோப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் நடத்திய பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நாட்டுக்கு வந்தும், தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கு மேல் பின்தங்கித் தொடங்கிய ஓட்டம் இது. அந்தப் பள்ளிகளுக்கு அதே மண்ணில் பிறந்தவர்களை ஆசிரியராக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பத்தனைக் கல்லூரி முளைத்தது. இங்கே தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள்.

ஏற்பாடு இதுதான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்வியியற் கல்லூரிகள் நாடு முழுக்க உண்டு. உயர்தரப் பரீட்சை முடித்தவர்கள் இங்கே சேர்ந்து இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மூன்றாம் வருடம் முழுவதும் ஒரு பள்ளியில் கட்டுறு பயிற்சி. பிறகுதான் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கையில் வருகிறது. ஒரு முழு வருடம் பள்ளியிலேயே என்பது எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் ஊரில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே மொத்தம் இரண்டு ஆண்டு. பள்ளிக்குப் போகும் வாரங்களிலும் பாதி, பதிவேடு எழுதுவதில் கரைந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு ஆள் போதாமல், சில வருடங்களுக்கு முன் மூவாயிரம் பேர் அளவில் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. முதலில் வகுப்பு, அப்புறம் பயிற்சி என்று தலைகீழாக நடந்த ஏற்பாடு. பக்கத்திலேயே கொட்டகலையில் இருக்கும் அரசினர் ஆசிரியர் கலாசாலைக்கு அவர்களில் பலர் வந்து படித்துப் போனார்கள். அவர்களிடம் பேசினால் கசப்பு கொட்டும். அது தனிக் கட்டுரை.

இனி பேச்சுக்கு வருவோம். இலங்கையின் தேசிய கல்வி ஆணைக்குழு, பள்ளிக் கல்வி தர வேண்டிய தேர்ச்சிகளைப் பட்டியலிட்டபோது முதலிடத்தில் வைத்தது தொடர்பாடலை. எழுத்தறிவு, எண்ணறிவு, சித்திரம் வழி வெளிப்பாடு, தகவல் தொழில்நுட்பம் எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு முன்பே, 1998இல் கம்பஹா மாவட்டத்தில் சோதித்துப் பார்த்து மறுவருடம் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வகுப்பறை வேலையை வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றாகப் பிரித்திருந்தது. முதலிரண்டு வகுப்புகளில் விளையாட்டும் செயற்பாடும் அதிகம், எழுத்து வேலை குறைவு. மேலே போகப் போக அது மாறும். ஆங்கிலம்கூட முதல் இரண்டு வகுப்புகளில் வாய்மொழியாக மட்டும்தான். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. குறை சொல்லும்படி எந்தக் கல்விக் கொள்கைதான் காகிதத்தில் இருக்கிறது?

மறுநாள் காலை நண்பரின் நுண்கற்பித்தல் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அறுபதுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை இது: ஒருவர் ஆசிரியர், ஆறேழு பேர் பிள்ளைகள், ஐந்து நிமிடப் பாடம், பிறகு பிரேதப் பரிசோதனை. பத்தனையில் அதோடு ஓர் உருப்படியான காரியம் செய்கிறார்கள். மூலையில் ஒருவரைக் கட்டம் போட்ட தாளோடு உட்காரவைத்து, மூன்று நொடிக்கு ஒரு குறி போடச் சொல்கிறார்கள்: இப்போது யார் பேசுகிறார், ஆசிரியரா, பிள்ளையா, யாருமில்லையா? ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த முறையின் சுருக்கம். அவருடைய மூல அட்டவணையில் பத்து வகை உண்டு. அதில் ஏழு ஆசிரியரின் பேச்சுக்கு, இரண்டு மாணவரின் பேச்சுக்கு, ஒன்று மௌனத்துக்கும் குழப்பத்துக்கும். வகுப்பறை யாருடையது என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடுகிறது. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்ட கணக்கு. அன்றைய ஐந்து நிமிடத்தில் பத்தனை மாணவி ஒருத்தி அந்தக் கணக்கை எளிதாக மிஞ்சினாள்.

பச்சை இலையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம்?" என்றாள்.

"பச்ச்ச்சை!"

நண்பர் நிறுத்தினார். "பதில் உங்களுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சத யாராச்சும் வீட்டுல கேப்பாங்களா? பிள்ளைக்கு மட்டுமே தெரிஞ்ச ஒண்ணக் கேளுங்க."

அவள் யோசித்தாள். "இந்த எலய எங்க பாத்தீங்க?" என்று மாற்றினாள். ஒரே ஒரு நொடி. பிறகு பொறுக்க மாட்டாமல், "தோட்டத்துலயா? ரோட்டுலயா?" என்று தானே பதில் எடுத்துக்கொடுத்தாள்.

இந்த ஒரு நொடி ஆசிரியர்களிடம் உலகம் முழுக்க உண்டு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாயே திறக்காதவர்களும் திறக்கிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். செலவே இல்லாத சீர்திருத்தம். ஆனால் ஓர் ஆசிரியரை வகுப்பின் முன் மூன்று நொடி சும்மா நிற்கவைப்பது எவ்வளவு கடினம் என்று அன்று பார்த்தேன். வாய் துடிக்கிறது. மாணவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மனசுக்குள் "ஒரு மலை, ரெண்டு மலை, மூணு மலை" என்று எண்ணுவது. எண்ணும்போது சிலருக்கு உதடு அசைந்தது.

பிழை திருத்துவதற்கும் பயிற்சி இருந்தது. பிள்ளையாக நடித்தவர், "நேத்து கடைக்கிப் போவேன் டீச்சர்" என்றார். "தப்பு, போனேன்னு சொல்லு" என்றால் அத்தோடு பேச்சு அறுந்தது. "ஓ, நேத்து கடைக்குப் போனியா? யாரோட போன?" என்றால் திருத்தமும் போய்ச் சேர்கிறது, பேச்சும் தொடர்கிறது. தாய்மார்கள் பாடநூல் படிக்காமலே செய்கிற வேலை. ஆனால் தோட்டத்தில் தாய் காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறாள். பிள்ளை, முன்பு பிள்ளை மடுவம் என்று சொன்ன இடத்தில், பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு ஓர் ஆயாவிடம். மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்க்குப் பேச எவ்வளவு தெம்பு மிஞ்சும்? ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இங்கே அந்தப் பேச்சின் பாக்கியையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது.

என்னை உறுத்தியது வேறொன்று. தேநீர் இடைவேளையில் அருவியாகக் கொட்டிய பையன்கள், வகுப்பின் முன்னால் போய் நின்றதும் கல்வெட்டாகிவிட்டார்கள். "மாணவர்களே, அனைவரும் இப்படத்தை உற்றுநோக்குங்கள்." ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசும் மொழியா இது? வெளியே வந்தபோது ஒருவனிடம் கேட்டேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்.

"ஏன் தம்பி, உள்ள போனதும் குரலே மாறிடுச்சு?"

"எங்க பேச்சு சரியில்லன்னுதான் சேர் பள்ளிக்கூடத்துல சொல்லிச் சொல்லி வளத்தாங்க. லயத்துப் பேச்சுன்னு டவுன் ஸ்கூல்ல சிரிச்சிருக்காங்க. டீச்சரா ஆனப்புறம் அதே பேச்ச எப்படிப் பேசுறது?"

பிள்ளைக்குப் பேச்சு பழக்க வந்தவன் தன் பேச்சைக் கேட்டுக் கூசுகிறான். நீலகிரியில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் இதே கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அங்கே "சிலோன்காரன்" என்றார்கள், இவர்களை இங்கே "தோட்டக்காட்டான்" என்றார்கள். நண்பர் இதற்குச் செய்யும் வைத்தியம் எளியது. முதல் பருவத்தில் ஒவ்வொருவரும் தன் பாட்டியிடம் கேட்ட ஒரு கதையையோ பாட்டையோ லயத்துப் பேச்சிலேயே வகுப்பில் சொல்ல வேண்டும். அடுத்த மலையில் இருக்கும் வட்டகொடை, மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாட்டுகளைத் தேடித் திரட்டினார். அவர் திரட்டியது நூலகத்தில் இருக்கிறது. அதைப் படித்தபின்தான் பல மாணவர்களுக்குத் தங்கள் பாட்டி பாடியதும் புத்தகத்தில் ஏறக்கூடியது என்று தெரிகிறதாம். கல்வியியல் நூல்களில் இதற்கு என்ன பெயரோ, ஆசிரியர் பயிற்சியில் மிக முக்கியமான பாடவேளை அதுதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள், கட்டுறு பயிற்சியில் இருக்கும் ஒரு பெண்ணின் பாடத்தைப் பார்க்கத் தோட்டப் பள்ளி ஒன்றுக்குப் போனோம். முச்சக்கரவண்டி ஏறும் மட்டும் ஏறியது. மிச்சம் நடை. கொழுந்துக் கூடையோடு பெண்கள் எதிரே இறங்கி வந்தார்கள். பள்ளி ஒரே நீண்ட மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு கணக்குச் செய்கிறது, இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு. பிள்ளைகளைப் பேசவிட வேண்டும் என்று மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் கைந்நூல் சொல்லலாம். தட்டிக்கு அப்பால் இருப்பவர், "ஷ்ஷ்" என்கிறார். பேச்சுத் திறனுக்கு முதல் எதிரி ஆசிரியரின் மனப்பான்மை என்று நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் அது கட்டடம்.

பாடம் வீட்டுப் பிராணிகள். பிரிஸ்டல் போர்டில் பசு, ஆடு, கோழி, நாய். எல்லோரும் சேர்ந்து "நாய் வவ் வவ்" என்று கத்தி முடித்தார்கள். அப்போது நடுவரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், எங்க நாயப் புலி தூக்கிருச்சு" என்றாள்.

இலங்கைக் காட்டில் புலி கிடையாது. தோட்டத்துச் சனங்கள் புலி என்பது சிறுத்தையை. தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே அது நடமாடுவதும், லயத்து நாய்களைத் தூக்கிப் போவதும் இங்கே வழக்கமான செய்தி.

பாடத் திட்டப்படி அடுத்து வருவது பசுவின் பயன்கள். அந்தப் பெண் சார்ட்டைச் சுருட்டி வைத்தாள். ஒரு குட்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளைகளின் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். உதடு அசையவில்லை, ஆனால் மூன்று மலை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"முந்தாநேத்து ராவு."

"பொய் டீச்சர்," என்றான் ஒருவன். "அது அத்துக்கிட்டு ஓடிருச்சு. பணிய லயத்துல நிக்கிது."

"அது வேற நாய்! எங்க நாய்க்கு வாலு கட்ட."

பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியாது. ஏனென்றால் எல்லோரும் பேசினார்கள். டீச்சர் ஒரு விதி போட்டாள்: கையில் பந்து இருப்பவர் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும், பந்தை வாங்கியவர் முதலில் முன்னவர் சொன்னதைச் சொல்லிவிட்டுத் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது விதி பாடத்தையே மாற்றிவிட்டது. "இவ சொல்றா சங்கிலி மட்டும் கெடந்துச்சுன்னு. ஆனா அத்துக்கிட்டு ஓடுனா சங்கிலி நாயோடதான போகும்?" ஏழு வயது. சான்று, எதிர்ச்சான்று, அனுமானம். பீலிக்கரையிலிருந்து கோழிக்கூடு எவ்வளவு தூரம், ரத்தம் எந்தப் பக்கம் இருந்தது, அப்பா டார்ச் அடித்தபோது கண் என்ன நிறத்தில் மின்னியது. ஒரு பையன் பேசவே இல்லை, ஆனால் எழுந்து போய்க் கரும்பலகையில் லயத்தை வரைந்து, நாய் கட்டியிருந்த இடத்தில் புள்ளி வைத்தான். அதையும் டீச்சர் பேச்சாகவே எடுத்துக்கொண்டாள். "இங்கருந்து எந்தப் பக்கம் போயிருக்கும்?" என்று அவனிடம் கேட்டாள். "மேல," என்றான். அன்று அவன் சொன்ன ஒரே சொல்.

கடைசியில் பிள்ளைகள் சொன்னதில் ஐந்து வாக்கியத்தைப் பலகையில் எழுதினாள். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் செய்தது இதுதான். பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல்லையே முதல் வாசிப்புப் பாடமாக்கினார். தன் அனுபவத்தை 1963இல் நூலாகவும் எழுதினார். பலகையில் இருப்பது தாங்கள் சொன்னது என்பதால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளும் விரல் வைத்து வாசித்துவிட்டார்கள். ஒரு சிக்கல் மட்டும். டீச்சர் எழுதியது, "எங்கள் நாயைப் புலி தூக்கிச் சென்றது."

"நான் அப்புடிச் சொல்லலயே டீச்சர்," என்றாள் நாய்க்குச் சொந்தக்காரி.

டீச்சர் கொஞ்சம் திகைத்தாள். பிறகு அதன் மேலேயே, "எங்க நாயப் புலி தூக்கிருச்சு" என்று எழுதினாள். இரண்டையும் வாசிக்கச் சொன்னாள். "மேல உள்ளது நாம சொல்றது, கீழ உள்ளது புத்தகம் சொல்றது."

பாடம் முடிந்து வெறுந்தேத்தண்ணியோடு உட்கார்ந்தபோது இதைப் பற்றித்தான் வாக்குவாதம். அந்தப் பள்ளியில் நெடுநாள் இருக்கும் மூத்த ஆசிரியை ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பேச்சுத் தமிழப் பலகையில எழுதினா ஆசிரிய ஆலோசகர் வந்து என்ன சொல்லுவார்? பிள்ளை பரீட்சையிலயும் அப்படியே எழுதும்." நண்பர் மறுத்தார். வீட்டு மொழியை வாசலில் கழற்றிவைக்கச் சொன்னால் பிள்ளை வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடும் என்பது அவர் கட்சி. நான் நண்பர் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. மூத்த ஆசிரியையின் பயம் வெறும் பழமைவாதம் இல்லை. எழுத்துத் தமிழ் கைவராத தோட்டத்துப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சையில் வீழும்போது, "உன் பேச்சு அழகானது" என்று யாரும் வந்து ஆறுதல் சொல்லப் போவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகத் தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அந்த நடை நடந்தாக வேண்டும். பேச்சிலிருந்து எழுத்துக்கு எந்தப் படியில் எப்போது ஏற்றுவது என்பதைத்தான் பயிற்சிக் கல்லூரிகள், இங்கேயும் நம் ஊரிலும், சரியாகச் சொல்லித்தருவதில்லை. இருமொழிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆயிரம் யோசனை சொல்கிற நூல்கள், இரட்டைத் தமிழில் வாழும் பிள்ளையைப் பற்றி இரண்டு பத்தியோடு நிறுத்திவிடுகின்றன.

மூத்த ஆசிரியை கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. "நீங்க ஒரு நாள் பாத்துட்டுப் போயிருவீங்க. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்ல எத்தன பிள்ளை பாஸ்னுதான் என்னக் கேப்பாங்க."

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இலங்கையில் ஒரு திருவிழாவும் தண்டனையுமாக நடக்கிறது. நல்ல பள்ளிக்கு இடம் கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும். தோட்டத்துக் குடும்பத்துக்கு அது உண்மையான ஏணி, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் அதன் இரண்டு வினாத்தாளும் எழுத்தில். ஒரு பிள்ளை பேசுவதையோ, இன்னொருவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்வதையோ அதில் எங்கும் யாரும் கேட்பதில்லை. தொடர்பாடலை முதல் தேர்ச்சியாக அறிவித்த நாடு, பத்து வயதில் பிள்ளையை அளக்கும்போது அதன் பேச்சை அளப்பதில்லை. பிறகு நான்காம் வகுப்பிலிருந்தே பேச்சு எங்கே போகிறது என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்குச் செய்துகொண்டிருந்த ஐந்தாம் வகுப்பில், நான் இருந்த அவ்வளவு நேரமும் ஒரு பிள்ளையின் குரலும் தனியாகக் கேட்கவில்லை.

மாலையில் கல்லூரி மைதானத்தில் கைப்பந்து. வலைக்கு இரு பக்கமும் கலந்த அணி. சிங்களத்தில் பந்து கேட்கிறான் ஒருவன், தமிழில் திட்டுகிறான் இன்னொருவன், இருவருக்கும் புரிகிறது. தொடர்பாடல் பாடநெறிக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

தமிழ்நாட்டோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் கதைக்கும் பாட்டுக்கும் வகுப்பறையிலேயே களம் ஒதுக்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பொம்மலாட்டம் செய்யும் ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன், அருமையாகச் செய்கிறார்கள். பொம்மையைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஆசிரியர் கை, பேசுவதும் ஆசிரியர். பத்தனைக் கட்டத்தாளை அங்கே கொண்டுபோய் மூன்று நொடிக்கு ஒரு குறி போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 1986 கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் வந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உருவாக்கும் ஆசிரியரின் திறமையையும் இறுதியில் முடிவு செய்வது எழுத்துத் தேர்வு. "பேச்சுத் திறன் வளர்க்கும் வழிமுறைகள் ஐந்தினை விளக்குக" என்ற கேள்விக்கு, ஒரு பிள்ளையையும் பேசவைக்காமலே முழு மதிப்பெண் வாங்கலாம்.

ஹட்டன் நிலையத்தில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்தபோது நண்பரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு என்னைவிடக் குறைந்த ஆசைதான். பரீட்சையை மாற்றுவது தன் கையில் இல்லை, பயிலுநரை மதிப்பிடும் படிவத்தை மாற்றுவது ஓரளவு இருக்கிறது என்றார். பாட அறிமுகம், கரும்பலகைக் கையெழுத்து, கற்பித்தல் சாதனம் என்று ஓடும் அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இந்தப் பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் தாமாக ஒரு முழு வாக்கியம் பேசினார்கள்?

எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பயிற்சி நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள், பத்தனையிலானாலும் நம் மாவட்டங்களிலானாலும், புதுத் திட்டத்துக்கும் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் அடுத்த கற்பித்தல் பயிற்சியிலேயே அந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணுவதற்கு ஒரு பென்சில் போதும்.